இருமல் நீக்கிய மௌனம்

எல்லாச் சத்தத்தையும் வெட்டி எடுத்த பிறகும் ஒலி அளக்கும் முள் ஆடிக்கொண்டிருந்தது.

பெரிய ஆட்டமில்லை. தூங்குகிறவனின் இமைக்குள் கண் உருளுமே, அந்த அளவுதான். வேறு யாராக இருந்தாலும் மின்விசிறிக் காற்று என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு வானொலி நிலையத்தில் வழங்கிய பெயரே காதக்கா. பக்கத்து அறையில் ஒருவர் பொய் சொன்னால் அவர் எச்சில் விழுங்குவதை வைத்தே இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று கேலி செய்வார்கள். அவளுக்கு அந்த முள் பிடிக்கவில்லை.

அவள் சுத்தம் செய்துகொண்டிருந்தது ஒரு மௌனத்தை. மௌனத்தைப் போய்ச் சுத்தம் செய்வதா என்று சிரிக்காதீர்கள் கண்ணுகளா, அதுவும் ஒரு வேலைதான். ஒலி நின்றுபோனால் ஏதோ பழுது என்று நினைத்துக்கொண்டு, தானாகவே எதையாவது பாடவிடும் இயந்திரம் ஒன்று அந்த நிலையத்தில் இருந்தது. முன்பொரு வருடம், போரில் செத்துப்போன வீரர்களுக்காக ஊரே தலை குனிந்து நிற்கையில், அது பற்பசை விளம்பரத்தைப் போட்டுவிட்டது. வெள்ளை வெள்ளைப் பல்லு என்று ஒரு குழந்தை கொஞ்சிக் கொஞ்சிப் பாட, நினைவுத் தூணின் முன்னால் நின்ற தளபதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து நிலையத்தில் மௌனத்தையும் பதிவு செய்தே ஒலிபரப்பினார்கள். மைதானத்தில் ஆட்கள் சும்மா நிற்கும் சத்தம், கொடித்துணி படபடப்பது, எங்கோ ஒரு பறவை. வீட்டு வானொலிகளிலும் மைதானத்து ஒலிபெருக்கிகளிலும் அதுதான் போகும். உயிரோடு நிற்கிறவர்கள், எப்போதோ நின்றவர்களின் மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

பழைய பதிவில் இருமல் இருந்தது. அதுதான் நிலைய அதிகாரிக்கு உறுத்தல்.

"மௌனம்னா மௌனமா இருக்கணும்மா," என்று பல்லிடுக்கைக் குச்சியால் நோண்டிக்கொண்டே சொல்லியிருந்தார். "போன வருஷம் எவனோ லொக்கு லொக்குன்னு இருமினது ஊர் பூரா கேட்டுச்சு. இந்தத் தடவை புதுசா எடு. ஒரு தும்மல், ஒரு செருமல் இருக்கக் கூடாது. சுத்தமா வேணும்." குச்சியின் நுனியில் வந்ததை எடுத்துப் பார்த்தார். திரும்ப வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அஞ்சலி நாளுக்கான ஒத்திகையன்று அவள் மைக்கைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். தூணில் தம்பியின் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமலே வேலையைச் செய்தாள். போன வருடத்து மலர்வளையங்களை இன்னும் யாரும் எடுக்கவில்லை. கம்பி வட்டங்களில் பூக்கள் கூழாகிக் கறுத்து, கீழே வழவழவென்று ஒரு நீர் சொட்டி, பளிங்கில் காய்ந்திருந்தது. அந்தக் கம்பியிலேயே புதுப் பூவைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசை நாற்காலிகளில் பெரிய மனிதர்கள். ஒருவர் காதைக் குடைந்து விரலை மோந்து பார்த்தார். ஒருவர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார். விசில் ஊதியதும் எல்லாருடைய முகத்திலும் ஒரே துக்கம், ஒரே அச்சில் வார்த்தது போல, வந்து உட்கார்ந்தது.

அந்த மௌனம்தான் இப்போது அவள் முன்னால் கிடந்தது. இருமல்களை வெட்டியாயிற்று. செருப்பு கீச்சிட்டதை, மூக்கை உறிஞ்சியதை, ஒரு கைக்குழந்தை சிணுங்கியதை எடுத்தாயிற்று. வெட்டிய இடங்களில் பக்கத்துக் காற்றை வைத்துத் தைத்தாயிற்று. கடைசியில் மெல்லிய காற்று மட்டும்தான் மிஞ்ச வேண்டும். முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

அவள் ஹெட்போனை மாட்டினாள். பல பேருடைய காதின் வியர்வையும் எண்ணெயும் ஏறிப் பிசுபிசுத்த அதன் பஞ்சு, கன்னத்தில் ஈரமான உள்ளங்கை போல ஒட்டியது. ஒலியைக் கூட்டினாள். காற்றின் இரைச்சல் பெரிதாகி, கடல் போலாகி, அதற்கும் அடியில், மிக அடியில், ஏதோ கேட்டது.

யாரோ மெல்லுகிற சத்தம்.

நிதானமான, ஈரமான மெல்லல். உதடு பிரிந்து ஒட்டுவதும், நாக்கு எதையோ புரட்டி அண்ணத்தில் அப்புவதும், பல்லுக்கிடையில் கரகரவென்று ஏதோ நொறுங்குவதும், பிறகு தொண்டை பாதி விழுங்கி, விழுங்க முடியாமல் மேலே கொண்டுவருவதும், அது திரும்ப மெல்லப்படுவதும் கேட்டன. அவள் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் வாயில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் துடைத்துக்கொண்டாள்.

நிலையத்தின் அறிவிப்பாளருக்குத் தேன்குரல் என்று பெயர். குரல்தான் தேன், பக்கத்தில் நின்று பேசினால் வாயிலிருந்து அழுக்குத் தண்ணீர்க் குவளையின் வாடை வரும். ஒத்திகையில் மைக்குக்குப் பக்கத்தில் நின்றது அவன்தான்.

"ஏம்ப்பா, அங்க நின்னு என்னத்த மென்னுக்கிட்டு இருந்தே?"

"நானா? விசில் அடிச்சதுமே பின்பக்கம் சிகரெட் பிடிக்கப் போயிட்டேங்க்கா. அதிகாரிகிட்ட சொல்லிராதீங்க."

"பொய் சொல்லாதே."

"எச்சில் முழுங்குனேனா பாருங்க," என்று சிரித்து வாயைத் திறந்து காட்டினான். வாடை வந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

அவள் திரும்ப உட்கார்ந்தாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மெல்லுவது ஒரு வாய் இல்லை. இடப்பக்கம் ஒன்று, அதற்குப் பின்னால் இரண்டு, தள்ளி இன்னும் பல. பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் பேசாமல் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு பிசுபிசுப்பு எழுமே, அப்படி. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு வாய் இருந்தது. அது மென்றது. மென்றது. மென்று முடிக்கிற இடத்தில்,

டக்.

காதக்காவின் கை தானாக ஒலியைக் குறைத்தது.

சின்ன வயதில் அவள் தம்பி மதில் மேலிருந்து விழுந்து தாடையை உடைத்துக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது, ஆனால் மெல்லும்போதெல்லாம் காதுக்குக் கீழே ஒரு சத்தம், பெட்டிப் பூட்டு விழுவது போல. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சப்புச் சப்பென்று மென்று, டக்கென்று முடிப்பான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். "வாய மூடிச் சாப்பிடுடா, பன்னி!" என்று கத்தாத வேளை கிடையாது. அவன் வேண்டுமென்றே இன்னும் திறந்து, மென்றதைக் காட்டுவான். படைக்கு ஆள் எடுத்தபோது மருத்துவர்கூடச் சிரித்தாராம். "தம்பி, நீ பிஸ்கட் தின்னா எதிரிக்கு உன் இடம் தெரிஞ்சுடும்."

அவன் பெட்டியில் திரும்பி வந்தான். ஆணிகளின் தலையில் அரக்கு வைத்திருந்தார்கள். திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். வெயிலில் நீண்ட தூரம் வந்த பெட்டி. அதன் மூலையில் ஒரு துளி, பழுப்பாக, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்றம் முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு தொண்டைக்குள் இறங்கியது. காதக்கா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அம்மா அந்தப் பெட்டியின் மேல் கவிழ்ந்து, ஈரம் கசிந்த இடத்திலேயே முத்தமிட்டாள். உதட்டைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. நிமிர்ந்தபோது மகளின் கைக்குட்டையைப் பார்த்தாள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வெகுநாள் கழித்து, அவனோடு இருந்த ஒரு படைவீரன் வீட்டுக்கு வந்தான். அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் காதக்காவிடம் மட்டும் சொன்னான். பதுங்குகுழி இடிந்து உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்களாம். தோண்டி எடுக்க நாள் ஆகிவிட்டதாம். "உடனே போகலைக்கா அவன். வாய் நிறைய மண்ணு. சும்மா அடைச்ச மாதிரி இல்ல. மென்ன மாதிரி இருந்துச்சு."

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் பழைய பதிவை எடுத்தாள். அதிலிருந்த இருமல்களை வெட்டினாள். அடியில் மெல்லல். அதற்கும் முந்தைய பதிவு. செருமல்களை எடுத்தாள். மெல்லல். டக். எல்லா வருடமும் இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களின் இருமலும் சிணுங்கலும் மூக்குறிஞ்சலும்தான் இத்தனை காலம் அதன் மேல் மூடி போலக் கிடந்திருக்கின்றன. அவள் அந்த மூடியைத்தான் பார்த்துப் பார்த்துப் பெயர்த்து எடுத்திருக்கிறாள்.

மேசையில் ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பல்லில் மண் கடிபட்டது.

வீட்டில் அம்மா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் வானொலி. பூனைக்குட்டியைத் தடவுவது போல அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அஞ்சலி நாள் நெருங்க நெருங்க அம்மாவுக்கு இப்படித்தான். முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

"புதுசா எடுத்திருக்கியாமே பாப்பா? நல்லாக் கேக்குமா இந்த வருஷம்?"

"என்ன கேக்கும்?"

"அவன் மூச்சுதான். ஒவ்வொரு வருஷமும் கேக்குறேனே. நடுவுல எவனாவது இருமித் தொலைக்கிறான், சரியாப் பிடிபட மாட்டேங்குது." அம்மா குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "அது முடிஞ்சதும் பல்லுல மண்ணு கரகரங்கும். துளியூண்டு. அம்மாவுக்குன்னு குடுக்கிறான், ஆனா ஒரு வாய் நிறையக் குடுக்க மாட்டான். சின்னதுலேருந்தே கஞ்சப் பய."

காதக்கா குனிந்து வானொலியின் மேல் கை வைத்தாள். "அம்மா, இந்த வருஷம் கேக்காதே."

"ஏன்?"

"சொன்னா கேளும்மா. வேண்டாம்."

அம்மா இருட்டில் அவளைப் பார்த்தாள். "பசியோட போன பிள்ளை, பாப்பா. நீ வேணும்னா மூஞ்சியைத் திருப்பிக்கோ."

அம்மாவின் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது. வானொலியை ஒளித்து வைத்தால் பக்கத்து வீட்டில் போய் உட்காருவாள். அங்கேயும் அதுதான் ஓடும். வழி ஒன்றுதான். சுத்தமான மௌனம் காற்றில் போகக் கூடாது.

மறுநாளே நிலையத்துக்குப் போய்ப் புதுப் பதிவை அழித்தாள். பழைய பதிவை, அதன் இருமலோடு, செருமலோடு, ஒரு சிணுங்கலும் குறையாமல் எடுத்து வைத்தாள். அந்த இருமலைக் கேட்டபோது கும்பிட வேண்டும் போலிருந்தது. எவனோ ஒருவன், சளி கட்டிய நெஞ்சோடு, உயிரோடு இருமுகிறான். அதிகாரி திட்டட்டும். வேலையைவிட்டு அனுப்பட்டும். அம்மாவின் வாயில் துளியூண்டு மண்ணோடு போகட்டும்.

அஞ்சலி நாள் முற்பகல். ஒலிபரப்பு அறையில் அவளும் அதிகாரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன் தேன்குரல், கறுப்புச் சட்டையில், கையில் வாசிக்க வேண்டிய தாள். சுவரில் இருந்த டிவியில் மைதானம் தெரிந்தது. தலைகள், தலைகள், தூண் வரை தலைகள். கழுவாத கம்பியில் புதுப் பூ.

"நம்முடைய நாளைக்காகத் தங்கள் இன்றைத் தந்தவர்களை நினைத்து, இப்போது," என்று தேன்குரல் குழைந்தான், "மௌனம் காப்போம்."

அவள் பொத்தானை அழுத்தப் போனாள். பொத்தான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அதிகாரி குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தார். குச்சி வாடை. "நீ மறந்து தொலைப்பேன்னு முந்தாநாளே ஒரு பிரதி எடுத்து நானே ஏத்திட்டேம்மா. என்னா சுத்தம்! பிரமாதமான வேலை."

முள் ஆடியது.

தூங்குகிறவனின் கண் போல. பிறகு, விழித்துக்கொண்டவனின் கண் போல.

நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இயந்திரம் பற்பசைப் பாட்டைப் போடும். போடட்டும். ஊரே காறித் துப்பட்டும். அவள் கையை நீட்டினாள். அதிகாரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உதட்டில் விரல் வைத்து, கண்ணை உருட்டி, தலை குனியச் சொன்னார்.

அறையின் ஒலிபெருக்கியில் காற்று.

காற்றுக்கு அடியில் ஈரம்.

டிவியில் யாரும் அசையவில்லை. கொடி அசைந்தது. அவ்வளவுதான். இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவனாவது இருமக் கூடாதா? ஒரு குழந்தை அழக் கூடாதா? எல்லாரும் இருந்தார்கள், அவ்வளவு நல்லவர்களாக, அவ்வளவு அமைதியாக.

மெல்லல் பெரிதாகிக்கொண்டே வந்தது. சப்பு. சப்பு. கரகர. பக்கத்தில் வந்தது.

அதிகாரியின் பிடி தளர்ந்தது. அவர் தலை குனிந்துதான் இருந்தது. ஆனால் அவர் தாடை அசைந்தது. குச்சியை மெல்லுகிறார் என்று நினைத்தாள். குச்சி தரையில் கிடந்தது.

இருமினால் போதும். நேரடி மைக் ஒன்று இவள் மேசையிலும் உண்டு. ஒரே ஒரு இருமல். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, அம்மாவின் மடி வரைக்கும் கேட்கிற மாதிரி. அவள் விசையைத் தள்ளினாள். மைக்கின் மேல் குனிந்தாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

வாய் நிறைந்திருந்தது.

குளிர்ந்திருந்தது. ஈர மண். வேர் மயிர்கள் நாக்கில் சுற்றின. பல்லுக்கிடையில் எதுவோ நெளிந்து நசுங்கிக் கசந்தது. நாற்றம் முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்த நாற்றம். பெட்டி மூலைத் துளியின் நாற்றம். குமட்டல் வயிற்றிலிருந்து எழுந்து வந்து, வெளியேற வழியில்லாமல், தொண்டையில் முட்டித் திரும்பியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேன்குரல் முடிவுரை சொல்ல உதட்டைப் பிரித்தான். கறுப்பாக ஒரு கட்டி நழுவி, கையிலிருந்த தாளின் மேல் விழுந்தது. அவன் அதை வெறுமையாகப் பார்த்தான். எடுத்தான். திரும்ப வாயில் வைத்துக்கொண்டான்.

மௌனம் முடிய வேண்டிய நேரம் முடிந்துபோயிருந்தது. டிவியில் ஒரு தலைகூட நிமிரவில்லை. தளபதி, பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தையை ஏந்திய ஒருத்தி. குனிந்த முகங்களில் தாடைகள் மட்டும் சேர்ந்து அசைந்தன. மோவாய்களில் பழுப்பாக ஒழுகியது. வெள்ளைச் சட்டைகளில் சொட்டியது.

மேசையில் செல்போன் ஒளிர்ந்தது. வீடு.

அவள் காதில் வைத்தாள். முதலில் சப்புச் சப்பென்ற சத்தம். பிறகு அம்மாவின் குரல், வாய் நிறைய, சந்தோஷமாக, கொழகொழத்து வந்தது.

"ஊட்டி விடுறான் பாப்பா... நல்லா, கை நிறைய அள்ளி... அக்காவுக்கும் குடுடான்னேன்..." மென்றாள். விழுங்கினாள். "வந்துட்டானா? வாங்கிக்கோ. இந்தத் தடவை மூக்கை மூடாதே."

அவள் உதட்டில் ஏதோ பட்டது. விரல்கள். நகங்கள் இல்லாத, குளிர்ந்த விரல்கள், அடுத்த வாயை உருட்டிப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, காத்திருந்தன.

மைக் திறந்திருந்தது. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

காதக்கா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு மென்றாள். அவளுடைய காதுக்குக் கீழே, இத்தனை வயது வரை சத்தமே போட்டிராத எலும்பில்,

டக்.